பனி விழமுன் கூரைக்குச் செய்ய வேண்டியவை

பெப்ரவரியில் படுக்கையறைச் சீலிங்கில் மஞ்சள் கறை தெரிந்தால் எல்லாரும் முதலில் கூரைமேல் அடுக்கிய தார் ஓட்டை, அதாவது சிங்கிளைத்தான் சந்தேகிப்பார்கள். ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கத்து வீடுகளில் அந்தச் சந்தேகம் பல வேளைகளில் பிழை. கோடை மழை முழுவதற்கும் ஒழுகாத கூரை பனிக்காலத்தில் மட்டும் ஒழுகினால், காரணத்தை வீட்டுக்குள்ளே தேட வேண்டும். சீலிங் இடுக்குகளால் மேலே ஏறும் சூடும் நீராவியும்தான் பெரும்பாலும் காரணம்.

நடப்பது இதுதான். கசியும் சூடு, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள அட்டிக்கை வெப்பமாக்குகிறது. கூரைப் பலகை சூடாகி, மேலே கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகுகிறது. உருகிய தண்ணீர் சிங்கிளின் மேலால் கீழே வழிந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்வாரத்தை அடைகிறது. அந்த இடத்துக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. எனவே தண்ணீர் அங்கே உறைகிறது. நாளுக்கு நாள் அது தடித்து ஓர் ஐஸ் அணையாகிறது. பின்னால் வரும் தண்ணீர் போக வழியின்றித் தேங்கி, சிங்கிளுக்கு அடியால் மேல்நோக்கி ஏறி, ஆணித் துளைகளால் உள்ளே இறங்குகிறது. சிங்கிள் என்பது மேலிருந்து கீழே ஓடும் தண்ணீரைத் தள்ளிவிடுவதற்கு அடுக்கப்பட்டது. தேங்கி நிற்கும் தண்ணீரை அதால் தடுக்க முடியாது.

தென் ஒன்ராறியோவில் கடுங்குளிரைவிட, பூச்சியத்துக்கு மேலும் கீழும் மாறிமாறிப் போகும் நாட்கள்தான் கூரைக்குக் கெடுதல். பகலில் உருகி இரவில் உறையும் ஒவ்வொரு முறையும், முதல்நாள் புகுந்த தண்ணீர் விரிந்து இடுக்கை இன்னும் பெரிதாக்கும்.

இங்கே சொல்வது, மரச் சட்டத்தின் மேல் அஸ்பால்ட் சிங்கிள் போட்ட, அட்டிக் உள்ள சாதாரண வீடுகளுக்கு. தட்டைக் கூரைக்கு வேலைமுறை வேறு.

எப்போது எதைச் செய்வது

செப்டெம்பரில் பார்வையிட்டு, ஆள் தேவையென்றால் அப்போதே கூப்பிடுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் சிங்கிள், தகட்டு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். சிங்கிளின் அடியில் ஒரு தார்ப் பசைக்கோடு இருக்கும். வெயில் சூட்டில் இளகித்தான் அது கீழே உள்ள சிங்கிளோடு ஒட்டும். குளிர்ந்த பிறகு போட்டால் வசந்தம்வரை ஒட்டாமலே கிடக்கும். ஜனவரிக் காற்று தூக்கிவிடும். அதோடு, குளிரில் சிங்கிள் விறைத்துப்போவதால் ஓரத்தைத் தூக்கினாலே வெடிக்கும். பிந்திவிட்டால், ஒவ்வொரு சிங்கிளுக்கும் அடியில் கூரைச் சீமெந்து எனும் தார்ப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்துக் கையால் ஒட்டச் சொல்லுங்கள். நல்ல வேலையாட்கள் கேளாமலே செய்வார்கள்.

அட்டிக் வேலைக்கு ஒக்டோபர் நல்லது: கோடையில் உள்ளே வெந்துவிடும். பீலி துப்பரவு கடைசியில். மேப்பிள் இலை முழுவதும் கொட்டி முடிய நவம்பர் நடுப்பகுதி ஆகும்.

முதலில் நிலத்தில் நின்று பாருங்கள்

கூரைக்கு ஏறத் தேவையில்லை. தொலைநோக்கி போதும், அல்லது கைப்பேசியில் பெருப்பித்துப் படம் எடுங்கள். வீட்டின் நான்கு பக்கமும், தெருவின் மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். தெற்குச் சரிவைக் கூடுதல் நேரம் பார்க்க வேண்டும். அதிக வெயில் படுவதால் முதலில் முதுமையடைவது அதுதான்.

ஓரம் சுருண்ட சிங்கிள், துண்டு பறந்துபோன இடம், மணல் உதிர்ந்து கறுப்பாகத் தெரியும் திட்டு, உள்ளிருந்து ஆணி தள்ளியதால் எழும்பி நிற்கும் சிறு மேடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்குகுழாயின் வாயில் கறுப்பு மணல் குவிந்திருந்தால் சிங்கிள் தேய்கிறது. புதுக் கூரையில் முதல் சில மழைக்குக் கொஞ்சம் மணல் வருவது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். கூரை போட்டு 15 வருடம் தாண்டியிருந்தால், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கவனமாகப் பார்க்க வேண்டிய வயது.

சிங்கிள் பரந்து கிடக்கும் இடத்தைவிட, எதையாவது சுற்றி வெட்டிப் போட்ட இடங்கள்தான் முதலில் ஒழுகும். புகைபோக்கியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் மூடும் ஃப்ளாஷிங் தகடு, இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், மேல்மாடிச் சுவரோடு கீழ்க்கூரை முட்டும் கோடு, ஸ்கைலைட் ஓரம் எல்லாம் இதில் அடங்கும். எல்லாரும் மறப்பது மலசலக் குழாயின் காற்றுப்போக்கி. கூரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் அந்தக் குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் கழுத்துப் பட்டி இருக்கும். சிங்கிளுக்கு இன்னும் பல வருடம் இருக்கும்போதே வெயிலில் அது வெடித்துவிடும். பழைய பட்டியின் மேல் அப்படியே இறக்கிவிடும் ரப்பர் வளையங்கள் கடையில் கிடைக்கும். குழாயின் விட்டத்தை மட்டும் சரியாக அளந்து வாங்குங்கள்.

முகட்டுக் கோடு நேராக இல்லாமல் நடுவில் தாழ்ந்திருந்தால் இந்தக் கட்டுரை போதாது. பனிப் பாரம் ஏறமுன் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளர் பார்க்க வேண்டும்.

அட்டிக்: காசும் நேரமும் போக வேண்டிய இடம்

என்ன குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம். கூரைக்கு மேலே செய்யும் எந்தச் செலவும், அட்டிக்கில் ஒரு சனிக்கிழமை செய்யும் வேலைக்கு ஈடாகாது.

தலைவிளக்கு, என்95 முகக்கவசம், நீளக்கைச் சட்டை, கையுறை, இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே போட ஒரு பலகை ஆகியவை வேண்டும். சட்டத்தில் அல்லது பலகையில் மட்டும் கால் வையுங்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் இருப்பது அரை அங்குல ட்ரைவோல்தான். மிதித்தால் கால் கீழ் அறைக்குள் நிற்கும். பழைய வீட்டில், மினுங்கும் சாம்பல் அல்லது பொன்னிறக் கூழாங்கல் போன்ற இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் காக்கும் நிரப்பு) தெரிந்தால் அது வெர்மிகுலைட். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். தொடாமல் மூடிவிட்டு இறங்கி, பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். பீங்கான் குமிழ்களில் ஓடும் மிகப் பழைய மின்வயர் இருந்தாலும் அதன் மேல் எதையும் கொட்ட வேண்டாம். முதலில் மின்வினைஞர் பார்க்கட்டும்.

உள்ளே ஏறியதும் விளக்கை அணைத்து ஒரு நிமிடம் இருங்கள். காற்றுப் போக விட்ட திறப்பு (வென்ட்) தவிர வேறெங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதா? பிறகு விளக்கைப் போட்டுப் பலகையின் அடியைப் பாருங்கள். கறுத்த கறை, துருப்பிடித்த ஆணிமுனை இரண்டும் போன குளிர்காலத்தில் அங்கே உறைபனி படிந்ததற்கு அடையாளம். இளமஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு கண்ணாடிப் பஞ்சு ஓரிடத்தில் மட்டும் அழுக்காகக் கறுத்திருந்தால், அதற்கு நேர் கீழே காற்று கசிகிறது. பஞ்சு காற்றை வடித்து அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த இடங்களைத் தேடித்தான் போக வேண்டும்.

அடைப்பது முதலில், இன்சுலேஷன் கூட்டுவது பிறகு. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பஞ்சு காற்றை மறிக்காது; மெதுவாக்கும், அவ்வளவுதான். சுவர்களின் மேற்சட்டத்தில் வயர் ஏறும் துளைகள், மலசலக் குழாயைச் சுற்றிய வெட்டு, குளியலறை விசிறியின் பெட்டி ஓரம் ஆகியவற்றைச் ஸ்ப்ரே ஃபோமால் அடையுங்கள். புகைபோக்கியையும் ஃபர்னஸ் புகைக்குழாயையும் சுற்றி ஃபோம் கூடாது, அது தீப்பிடிக்கும். அங்கே தகடு வெட்டிப் பொருத்தி, தீத்தடுப்புச் சீலன்ட் போட வேண்டும். சீலிங்கில் பதித்த பொட்லைட்டுகள் இன்சுலேஷன் படலாம் என்று குறிக்கப்பட்ட வகையா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

அட்டிக் கதவைச் சும்மா ஒரு பலகைத் துண்டாக விட்டிருப்பார்கள். ஓரத்தில் நுரைநாடா ஒட்டி, முதுகில் கெட்டி ஃபோம் பலகையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். கதவு நாடாவை அழுத்தி மூட இரண்டு கொக்கி போடுங்கள். மலிவான வேலை, பலன் அதிகம்.

பிறகு ஆழத்தை அளவுகோலால் அளவுங்கள். இப்போது ஒன்ராறியோவில் புது வீடுகளின் அட்டிக்குக்கு இலக்கு ஆர்-60 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு). ஊதிப் போடும் செலுலோஸ் என்றால் சுமார் 16 முதல் 18 அங்குலம். ஊதிப் போடும் கண்ணாடிப் பஞ்சு என்றால் 20 அங்குலத்துக்கு மேல். 1960களின் பங்களாக்களில் நான்கு ஐந்து அங்குலமே கிடப்பது புதினமில்லை. பழையதை அகற்றத் தேவையில்லை; நனையாமலும் எலி எச்சம் இல்லாமலும் இருந்தால் மேலேயே போடலாம்.

காற்று ஓட வேண்டும்

தாழ்வாரத்தின் அடியில் உள்ள சொஃபிட் துளைகளால் குளிர்காற்று நுழைந்து, முகட்டருகே உள்ள வென்ட்டால் வெளியேற வேண்டும். அப்படி ஓடினால் கூரைப் பலகை வெளியே உள்ள அளவுக்கே குளிர்ந்திருக்கும், பனியும் உருகாது. கட்டடச் சட்டத்தின் கணக்கு: சாதாரண சரிவுக் கூரைக்குச் சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு. 1,000 சதுர அடி என்றால் சுமார் 480 சதுர அங்குலம். பாதி கீழே, பாதி மேலே என்று வைத்தால் மேலே 240. வழக்கமான சதுரப் பெட்டி வென்ட் ஒன்று 50 சதுர அங்குலம் தரும் என்றால் ஐந்து வேண்டும். உங்கள் கூரையில் எத்தனை இருக்கின்றன என்று வெளியே நின்றே எண்ணலாம்.

கீழ்ப்பக்கத்தில்தான் ஏமாற்று. துளையிட்ட அலுமினியச் சொஃபிட் வெளியே அழகாகத் தெரியும். ஆனால் பழைய வீடுகளில் துளையில்லாத பழைய பிளைவுட்டின் மேலேயே அதை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். காற்றுக்கு வழியே இல்லை. ஒரு தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொரு அடைப்பு உள்ளேயிருந்து வரும்: கூட்டிய இன்சுலேஷன் சரிந்து ஓரத்தை மூடிவிடும். ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் கூரைப் பலகையோடு பஃபிள் அட்டை அடித்து, இன்சுலேஷனுக்கும் பலகைக்கும் நடுவில் குறைந்தது 63 மில்லிமீற்றர் வழி விடுங்கள்.

குளிர்காலத்தில் சூடு போய்விடும் என்று பயந்து வென்ட்டைத் துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டைச் சூடாக்காது, அட்டிக்கைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். மின்விசிறி வைத்து அட்டிக் காற்றை இழுப்பதும் நல்ல யோசனையல்ல; சீலிங் இடுக்குகளால் வீட்டுச் சூட்டையே அது மேலே உறிஞ்சும்.

நீராவி

எங்கள் சமையலுக்கும் கூரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. புட்டும் இடியப்பமும் அவிகிற வீட்டில், பெரிய பானையில் சோறு கொதிக்கிற வீட்டில், ஐந்தாறு பேர் குளிக்கிற வீட்டில் நீராவி அதிகம். அது மேலே ஏறி ஆணிமுனைகளில் உறையும். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் எல்லாம் ஒன்றாக உருகி, மழை இல்லாத நாளில் சீலிங் நனையும். கூரைக்காரர் வந்து சிங்கிளில் ஓட்டை தேடுவார், கிடைக்காது.

குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே வாய் திறந்து கிடக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இன்சுலேஷன் சுற்றிய குழாயாக அது கூரை வழியே வெளியே போய், மூடி உள்ள தலையில் முடிய வேண்டும். சொஃபிட்டில் விட்டால் அதே ஈரக்காற்று பக்கத்துத் துளையால் திரும்ப உள்ளே வரும். விசிறியைப் போட்டு ஒரு ரிஷ்யூத் தாளை அதன் முகத்தில் பிடியுங்கள். தாள் ஒட்டி நிற்காவிட்டால் இழுவை போதாது. குளித்தபின் அரை மணி நேரம் ஓடவிட ஒரு ரைமர் சுவிட்ச் பூட்டலாம்.

அடுப்புக்கு மேலுள்ள விசிறி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி திரும்ப முகத்திலேயே ஊதுகிறதா என்பதையும் பாருங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வரவேற்பறையில் வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் போதும். வெளியே மறை 20 என்றால் 30க்குக் கீழேயே வைத்திருப்பது நல்லது. ஃபர்னஸோடு ஹியுமிடிஃபையர் இருந்தால் அதைக் குறைப்பது ஒரு குமிழைத் திருப்புவதுதான்.

பீலியும் இறங்குகுழாயும்

பீலி அடைபட்டதால்தான் ஐஸ் அணை வருகிறது என்று துப்பரவு செய்பவர்கள் சொல்வார்கள். முழு உண்மையல்ல. சூடு கசியும் கூரையில் சுத்தமான பீலியிலும் ஐஸ் கட்டும். ஆனால் இலை நிறைந்த பீலி பாரமாகி உறைந்து, ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழும். வழியும் தண்ணீர் அத்திவாரத்துக்குப் போகும். பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஏணியை ஒவ்வொரு நான்கு அடி உயரத்துக்கும் ஓர் அடி வெளியே தள்ளி வையுங்கள். கூரை விளிம்புக்கு மேல் மூன்று அடி நீண்டிருக்க வேண்டும். பீலியில் நேரடியாகச் சாய்த்தால் அது நசுங்கும். ஏணித் தலையில் பூட்டும் தாங்கி வாங்குங்கள். மின்கம்பிக்கு மூன்று மீற்றருக்குள் ஏணி, கம்பு எதுவும் போகக் கூடாது. இரண்டு மாடி வீடென்றால் ஆளைப் பிடிப்பதே புத்தி.

கையால் அள்ளி வாளியில் போட்டபின், இறங்குகுழாயிலிருந்து தூரமான முனையில் தோட்டக் குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் நடுவில் குளமாக நின்றால் சரிவு பிழை. 10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிய வேண்டும். தாங்கிகள் இரண்டு அடிக்கு ஒன்று இருந்தால் மழைக்குப் போதும், ஐஸுக்கு 16 முதல் 18 அங்குலத்துக்கு ஒன்று நல்லது. நீட்டிய பழைய ஆணி கழன்றிருந்தால் திரும்ப அடிக்க வேண்டாம், அதே துளையில் மீண்டும் கழரும். திருகாணியோடு வரும் மறைதாங்கியை வேறிடத்தில் பூட்டுங்கள். மூட்டுகளில் ஒழுகினால், உலர்த்தி, பழைய பசையைச் சுரண்டி, உட்புறம் பீலிச் சீலன்ட் போடுங்கள். ஈரத்தில் ஒட்டாது.

ரொறன்ரோவில் இறங்குகுழாயை நேரே சாக்கடைக் குழாய்க்குள் விடுவதற்கு மாநகரசபை தடை விதித்திருக்கிறது. நிலத்தில்தான் விட வேண்டும். வாயை அத்திவாரத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி, புல்லை நோக்கித் திருப்புங்கள். நடைபாதையில் விட்டால் டிசெம்பரில் அங்கே கண்ணாடித் தரைதான். அயலவரின் பக்கம் விட்டால் வழக்குத்தான். மேல்கூரைக் குழாய் கீழ்க்கூரையின் சிங்கிள் மேல் கொட்டுகிறதா? அங்கே மணல் அரித்து ஐஸும் கட்டும். ஒரு நீட்டுக் குழாயால் கீழ்ப்பீலிக்குள் சேர்த்துவிடுங்கள்.

மரமும் றக்கூனும்

2013 டிசெம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கிளை முறிந்ததே பெரிய காரணம். உறைமழை பூசிய கிளை சாதாரண எடையைப் போலப் பல மடங்கு பாரம். கூரைக்கு மேல் தொங்குவதை இலையுதிர் காலத்திலேயே வெட்டுவியுங்கள். 30 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரத்தை வெட்டவோ காயப்படுத்தவோ ரொறன்ரோவில் அனுமதி வேண்டும். அது உங்கள் காணியில் நின்றாலும் அப்படித்தான்.

சொஃபிட் மூலை கிழிந்திருந்தால் றக்கூன் அல்லது அணில். உடனே அடைக்க வேண்டாம், உள்ளே இருந்தால் அங்கேயே செத்து நாறும். துளையில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். தள்ளப்படவில்லை என்றால் ஆளில்லை. நாகம் பூசிய கம்பிவலையால் அடையுங்கள். பிடித்துக் கொண்டுபோய்த் தூரக் காட்டில் விடலாம் என்று நினைக்க வேண்டாம், ஒன்ராறியோவில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விடச் சட்டம் இடம் தராது.

ஆளைப் பிடிப்பதென்றால்

தெரிந்த அண்ணா சொன்ன ஆள், கையில் காசு, துண்டுக் கடதாசியும் இல்லை. எங்கள் சமூகத்தில் கூரை வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் உறவு உதவாது. பொறுப்புக் காப்புறுதிச் சான்றும் டபிள்யூஎஸ்ஐபி (ஒன்ராறியோவின் வேலைத்தல விபத்துக் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸும் கேளுங்கள். மூன்று விலைகளை எழுத்தில் வாங்குங்கள். கதவு தட்டி வந்தவரிடம் வீட்டிலேயே கையெழுத்து வைத்துவிட்டால், ஒப்பந்தப் பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் அதை ரத்துச் செய்யலாம்.

முழுக் கூரை மாற்றுவதானால் ஒரு கேள்வியை மறக்க வேண்டாம்: தாழ்வாரத்தில் சிங்கிளுக்கு அடியில் ஒட்டும் ஐஸ் தடுப்பு மெம்பிரேன் எத்தனை வரிசை? விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் ஏறி, வெளிச்சுவரின் உட்பக்கத்துக்கும் 300 மில்லிமீற்றர் உள்ளே வரை அது போக வேண்டும் என்கிறது கட்டடச் சட்டம். 16 அங்குலத் தாழ்வாரம், 10 அங்குலச் செங்கற்சுவர், அதற்கப்பால் 12 அங்குலம். கூட்டினால் 38, சரிவில் அளந்தால் இன்னும் கூடும். ஒரு சுருளின் அகலம் 36 அங்குலம். ஆக ஒரு வரிசை போதாது, இரண்டு வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பனி விழுந்த பிறகு

பனியை இழுக்க நீளக் கைபிடியுள்ள கூரை ரேக் ஒன்றை நவம்பரிலேயே வாங்கி வையுங்கள்; முதல் பெரும்பனிக்குப் பின் கடையில் இராது. நிலத்தில் நின்றபடி, விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடி வரைக்கும் பனியை நேரே கீழ்நோக்கி இழுங்கள். ஒன்றிரண்டு அங்குலம் மிச்சம் விடுங்கள். சுரண்டினால் சிங்கிள் மணல் போகும். கோடரி, சுத்தியல் கொண்டு ஐஸை உடைக்கவே வேண்டாம். ஐஸ் அணை ஏற்கெனவே கட்டிவிட்டால், பழைய நைலோன் காலுறையில் கல்சியம் குளோரைட் நிரப்பி, அணைக்குக் குறுக்காக, முனை பீலிக்கு வெளியே தொங்கும்படி வையுங்கள். தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டும். பாதைக்குப் போடும் சாதாரண உப்பு தகட்டையும் கீழே உள்ள செடியையும் கெடுக்கும். சூட்டு வயர் பூட்டலாம், ஆனால் அட்டிக்கைத் திருத்தாமல் அதைப் பூட்டுவது ஒவ்வொரு வருடமும் மின்கட்டணம் கட்டி நோயை வைத்திருப்பது.

முதல் பனி விழுந்து இரண்டாம் நாள் தெருவில் நின்று ஒரே வயது வீடுகளின் கூரைகளை ஒப்பிடுங்கள். உங்கள் கூரையில் மட்டும் பனி திட்டுத்திட்டாக உருகியிருந்தால், உருகிய இடத்துக்கு நேர் கீழே அடைக்காத இடுக்கு இருக்கிறது. படம் எடுத்து வைத்து, அட்டிக்கில் அதே இடத்தைத் தேடுங்கள்.

அப்படியும் சீலிங் நனைந்து வயிறு தள்ளினால், கீழே வாளி வைத்து, அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தி, தொங்கும் இடத்தின் நடுவில் திருகாணிச் சாவியால் ஒரு துளை குத்துங்கள். சிறு துளையால் வடிந்தால் ஒரு துண்டு ட்ரைவோல்தான் போகும். விட்டுவைத்தால் முழுப் பலகையும் விழும். பிறகு கூரை, அட்டிக், சீலிங் மூன்றையும் திகதியோடு படம் எடுத்து அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.